மாப்பிள்ளைக்குக் காது கேட்காது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம் என்று முதல் வரியில் எழுதிவிடுவதுதான் நம் வீட்டு வழக்கம். உன் அப்பா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுகூட உனக்கு அப்படித்தான் எழுதிப் போட்டார். இந்தத் தடவை அந்த வரியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். எழுதி முடிப்பதற்குள் அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரிந்துவிடும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். ‘போனில் நீ சம்மதித்தபடி வீட்டையும் பத்து மா நிலத்தையும் மன்னார்குடிக்காரர் ஒருவருக்குப் பேசியிருக்கிறேன், தை பிறந்ததும் பத்திரம்’ என்று எழுதியிருக்கிறாய். மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முன் என்னைத் திருவிடைமருதூரில் சித்தி வீட்டில் கொண்டுவந்து விடுவதாகவும், கோயில் பக்கத்திலேயே இருப்பதால் பொழுது போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். தெற்குத் தெருக்காரர்கள் கேட்டால் மட்டும் ஒரு குழிகூட அவர்கள் கைக்குப் போகக் கூடாது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இல்லையென்றால் நாலு வரியில் சண்டை போட்டு அனுப்பியிருப்பேன்.

முதலில் சம்மதத்தைப் பற்றி. பாய் கடைப் போனில் நீ பேசியதற்கெல்லாம் நான் ‘சரி தம்பி, சரி’ என்று சொன்னது உண்மைதான். நீ என்ன பேசினாய் என்று தெரிந்து சொல்லவில்லை. எனக்குக் காது கேட்காது. உன் அப்பா இறந்துபோன வருஷமே எனக்கு இடது காது மந்தமாகிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம், மழை விட்டுவிட்டது என்று நினைத்துக் கொடியில் துணி போட வெளியே வந்தேன். தலையில் மழை கொட்டியது. கொட்டுகிற மழைக்கு நடுவில் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வலது காதும் போய்விட்டது என்று தெரிந்தது.

பாய்க்கு மட்டும் தெரியும். நான் சொல்லித் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எண்ணெய் டின் ஒன்று விழுந்து உருண்டதாம். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம், நான் மட்டும் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். மறுநாள் சாமான் கட்டும் காகிதத்தில் ‘ஒங்க மகனுக்குச் சொல்லிடவா?’ என்று எழுதிக் காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதன் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் அவரே வேலிப் படல் வரை வந்து, கையைக் காதருகே வைத்துக் காட்டிவிட்டுப் போவார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புவேன். அந்தக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றால், அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். அதற்காகத்தான் வந்தேன், தம்பி. நீ பேசி முடித்துவிட்டாய் என்பதை பாயின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வைத்துவிடுவேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். காது கேட்காத கிழவியிடம் யார் என்ன பேசப்போகிறார்கள் என்ற பயம்தான். போன் வருவதும் நின்றுவிட்டால் எனக்கு என்று வருவதற்கு வேறு எதுவும் இல்லை.

நம் வீட்டில் இதற்கு முன்பும் காது கேட்காத ஒருவன் இருந்தான். மாப்பிள்ளையை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டாய்.

அவன் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பண்ணை வீட்டில் களத்துக் காவலுக்கு என்று ராஜபாளையத்திலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டை நாயை வாங்கி வந்திருந்தார்கள். அதற்குத் தனிச் சட்டியில் கறிச்சோறு. சங்கிலி போட்டுக் கட்டியிருந்தும் தெற்குத் தெருவிலிருந்து ஒரு வரி நாய் வேலியைத் தாண்டி வந்துபோயிருக்கிறது. ஐந்து குட்டிகள் பிறந்தன. பண்ணைக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றில் விடச் சொல்லி, பண்ணையின் காரியஸ்தர் உன் அப்பாவிடம் கொடுத்தார். பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள் நாம். செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா மதகு வரை போய்ச் சாக்கை அவிழ்த்துவிட்டார். நாலு குட்டிகளைப் பாக்கியம் தன் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பாக்கியம் நம் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள், உன் சேக்காளி முருகையனின் அம்மா. ஐந்தாவது குட்டியை யாரும் தொடவில்லை. அதற்கு ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெளுத்த நீலம். அந்தக் கண் ஆகாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உன் அப்பாவுக்கு யாராவது ஆகாது என்று சொன்னால்தான் ஆசை வரும். துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வளர வளர அது என்ன ஜாதி நாய் என்றே சொல்ல முடியாமல் போனது. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நிற்பு எல்லாம் பண்ணை. சுருட்டி முதுகில் போட்ட வாலும், இடது காதிலிருந்து தோள் வரைக்கும் ஓடிய வரியும் தெற்குத் தெரு. வெள்ளை வேட்டி கட்டியவன் போல நடந்ததாலும், யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காததாலும் நீ மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய். பொருத்தமான பெயர். அந்தத் தோலுக்கு நம் ஊர் வெயில் ஆகவில்லை. சித்திரை வைகாசியில் மூக்கும் காது மடலும் வெந்து உரிந்துபோகும். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிவிடுவேன். மஞ்சள் மூக்கோடு அது தெருவில் உலாவ, உனக்கு நலங்கு வைக்கவில்லையா மாப்ளே என்று நடவுக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். உண்ணி பொறுக்குவது உன் வேலை. கருவாட்டுத் தலை சேர்த்துப் பழையது பிசைந்து வைப்பது என் வேலை. வயல் நண்டைத் தோண்டி எடுத்துத் தின்றுவிட்டு முகமெல்லாம் சேறோடு அடுப்படி வரை வந்துவிடும்.

அடுப்படி வரை என்று எழுதும்போது கை நிற்கிறது. பாக்கியத்தைக் கொல்லைப் படலுக்கு இந்தப் பக்கம் நான் விட்டதில்லை. முருகையன் உன்னோடு வாய்க்காலில் குதிப்பான், மரம் ஏறுவான். தாகம் என்றால் படலுக்கு வெளியே நின்று கையேந்திக் குடிப்பான். அவர்கள் தெரு நாய்க்குப் பிறந்த நாய் என் அடுப்பங்கரையில் படுத்திருந்தது. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அதற்குக் காது கேட்காது என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். அதுவரை சொல் பேச்சுக் கேட்காத நாய் என்று உன் அப்பா புளிய மிளாறால் அடித்துக்கொண்டிருந்தார். தீபாவளி வந்தது. தெரு நாய்களெல்லாம் வைக்கோல் போருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள, இது மட்டும் வெடி வெடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியது. பண்ணை ரத்தம், பயம் கிடையாது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் நீ குண்டானையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்த் தட்டினாய். வால்கூட அசையவில்லை. அப்பாவிடம் வந்து, “இவன் பேச்சு கேக்காதவன் இல்லப்பா. இவனுக்குக் காதே கேக்கல” என்றாய். உனக்கு அப்போது எட்டு வயது. அப்பா கொல்லைக்குப் போய் அந்த மிளாறை ஒடித்துப் போட்டார். பிறகு சாகும்வரை எந்தப் பிராணியையும் அவர் அடித்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வளர்ப்பு என்பது என்ன என்று நமக்குத் தெரிந்தது. தூங்கும்போது தொடக் கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும். குதிகாலால் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினால் அதிர்வு தெரிந்து கண் திறக்கும். வயலில் கூப்பிடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. நீயும் முருகையனும் முதலில் வெள்ளைத் துண்டை வீசிப் பார்த்தீர்கள். வயலில் இருக்கிற அத்தனை பேர் தோளிலும் வெள்ளைத் துண்டு, அது யாரிடம் போகும்? என் பழைய அரக்குச் சிவப்புச் சேலையின் முந்தானையைக் கிழித்து மூங்கில் கம்பில் கட்டினீர்கள். தலைக்கு மேலே தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டினால் வர வேண்டும். ஒரு மாதத்தில் படிந்துவிட்டது. அரை மைல் தூரத்தில் நின்றாலும் அந்தக் கம்பு ஆடினால் சேற்றையும் வரப்பையும் பார்க்காமல் பாய்ந்து வரும். அதற்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கே போனாலும் பத்து அடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கும். கூப்பிடுவது கேட்காது என்பதால் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளும். நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசலை ஒருமுறை பார்க்கிறேன், துணியை அலசிவிட்டு ஒருமுறை பார்க்கிறேன்.

ஆனால் நாம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தோம், அது வேறொன்றைக் கற்றுக்கொண்டது. நாய்க்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது என்று நீ காலேஜில் படிக்கும்போது வந்து சொன்னாய். அதற்குத் தெரிந்ததெல்லாம் கம்பில் கட்டிய துணி ஆடினால் ஓட வேண்டும் என்பதுதான். பங்குனித் திருவிழாவில் சாமிக்கு முன்னால் கொடி போனால் அதோடு போகும். பக்கத்து ஊர் தர்காவில் கந்தூரிக் கொடி ஊர்வலம் என்றால் அதற்கும் போகும். ஆட்சி மாறிய அந்தத் தேர்தலில் கறுப்பு சிவப்புக் கொடியோடு மூன்று ஊர் தாண்டிப் போய்விட்டது. அப்பா சைக்கிளில் போய்ப் பின்னால் கட்டிவைத்து அழைத்துவந்தார். பண்ணை பழைய கட்சி. “என்னய்யா, ஒங்க மாப்பிள்ளை கட்சி மாறிட்டாரா?” என்று காரியஸ்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

செங்கொடிக்குப் பின்னால் அது ஓடியபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் ஊர் எப்படி இருந்தது என்று உனக்கு முழுதாக நினைவிருக்காது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டுத் தெற்குத் தெரு வேலைக்கு வரவில்லை. பண்ணை வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தது. வாய்க்கால் கரையில் தினமும் ஊர்வலம். நாம் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். நமக்கென்று ஒரு குழி சொந்தமில்லை, ஆனாலும் கூலிக்கு ஆள் வைக்கிறவர்கள். குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதியப் போனால் பண்ணை நிலத்தைவிட்டு இறக்கிவிடும், பதியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். இந்த நேரத்தில் நம் வெள்ளை நாய் கொடிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் காரியஸ்தர் நம் வாசலுக்கு வந்து உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். “நாய் எந்தப் பக்கம் ஓடுதோ வீடும் அந்தப் பக்கம்தான்னு பண்ணையில பேசிக்கிறாங்க. ஒங்ககிட்ட எழுத்து ஒண்ணும் கிடையாது, வாய்வார்த்தைதான். பாத்து நடந்துக்குங்க.”

அப்பா அதைக் கட்டிப்போட்டார். கட்டிப்போட்ட காது கேட்காத நாயைப் பார்த்திருக்கிறாயா? யார் வருகிறார்கள் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கயிறு கழுத்தை அறுத்துப் புண்ணாகிவிட்டது. தாங்க முடியாமல் நான்தான் அவிழ்த்துவிட்டேன். என் கூடவே வைத்துக்கொண்டால் போகாது என்று நினைத்தேன். கம்பு வேண்டாம் என்று அந்தச் சிவப்புத் துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். நீ திருத்துறைப்பூண்டிக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன், மாப்பிள்ளை என் பின்னால். வாய்க்கால் ரோட்டில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பண்ணை டிராக்டர் நின்றது. பக்கத்தில் காரியஸ்தர், பண்ணை ஆட்கள். தெற்கேயிருந்து கொடியோடு அவர்கள் வந்தார்கள். பாக்கியம் முன் வரிசையில் இருந்தாள். துணி ஆடுவதைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்னைத் தாண்டி வரப்பில் இறங்கி ஓடியது. பத்து அடி போனது. நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது.

நான் அந்தத் துணியை எடுத்து ஒரே ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும், வந்திருக்கும். என்னை விட்டு அது எந்தக் கொடிக்கும் போயிருக்காது. கை இடுப்புக்குப் போனது. துணியைத் தொட்டேன். அப்போது காரியஸ்தர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், அந்த இடத்தில், பண்ணை நிலத்து வரப்பில் நின்றுகொண்டு நான் தலைக்கு மேல் சிவப்புத் துணியைத் தூக்கினால் என்ன ஆகும்? பத்து மாவும் போகும், வீடும் போகும், நீ பள்ளிக்கூடத்தை விட்டு மாடு மேய்ப்பாய். இவ்வளவும் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பயந்தேன், அவ்வளவுதான். தொட்ட துணியை இன்னும் உள்ளே செருகிக்கொண்டேன். அது இன்னொரு பத்து அடி போய்த் திரும்பிப் பார்த்தது. கையை இறக்கியே வைத்திருந்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தது. அப்புறம் கொடியைப் பார்த்து ஓடிவிட்டது.

முன்னால் வழி மறிக்கப்பட்டதும் டிராக்டர்காரன் பின்னால் மாட்டியிருந்த பெட்டியோடு வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். கொடிக்காரர்களில் சிலர் வளைத்துக்கொண்டு பின்பக்கமும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்தபடி, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கத்தினார்கள். கொடிக்காரர்கள் கத்தினார்கள், வெளியூர் ஆட்கள் கத்தினார்கள், காரியஸ்தர்கூடக் கத்தினார். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே குரலில் கத்தியது அந்த வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அதற்குக் கேட்கவில்லை. பாக்கியம் கையிலிருந்த கதிர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். முன்பாதிதான் வந்தது, பின்பாதி மேல் சக்கரம் ஏறிவிட்டது.

அவள்தான் மடியில் ஏந்திக்கொண்டு நம் கொல்லை வரைக்கும் வந்தாள். சேலை முழுக்க ரத்தம். வழக்கப்படி படலுக்கு வெளியே நின்றாள். உயிர் போயிருந்தது. நான் அங்கேயே வைக்கச் சொன்னேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, கை கழுவத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. கீழே வைத்துவிட்டு, “கூப்பிட்டிருந்தீங்கன்னா திரும்பியிருக்கும்மா. ஒங்களத்தான் பாத்துக்கிட்டே போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நீ வந்து பையைப் போட்டுவிட்டுத் தேடினாய். அப்போது நான் சொன்னது உனக்கு எழுத்துத் தவறாமல் நினைவிருக்கும். தெற்குத் தெருக்காரர்கள் வேண்டுமென்றே கொடியைக் காட்டி இழுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீ அழவில்லை. எழுந்து போய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற முருகையன் மேல் கல்லை விட்டெறிந்தாய். புருவத்துக்கு மேல் கிழிந்தது. அவன் கையில் இருந்தது நான் துணியை அவிழ்த்துக்கொண்டு வீசிய அந்த மூங்கில் கம்பு; நமக்குத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தான், சண்டைக்கு இல்லை. அன்றிலிருந்து நீ அந்தத் தெருப் பக்கம் போகவில்லை, அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வயதில் காது கேட்காத நாயைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு பதினொரு வயதில் ஒரு தெருவையே வெறுக்கக் கற்றுக்கொடுத்தேன். அப்பாவுக்குத் தெரியும். கடைசியில் படுத்திருந்தபோதுகூட, “அவன்கிட்ட நெசத்தச் சொல்லிடு” என்றார். சரி என்றேன். அப்போதும் வெறும் ‘சரி’தான் சொன்னேன்.

இதையும் தெரிந்துகொள். அந்த மாசி மாதமே அப்பா தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதியக் கேட்டார். நிலத்தை உழுவது இவர்தான் என்று சாட்சி வேண்டும் என்றார்கள். நம் தெருவில் ஒருவரும் வரவில்லை, பண்ணைக்குப் பயம். தாசில்தார் முன்னால் வந்து நின்று சாட்சி சொன்னவர்கள் பாக்கியமும் அவள் வீட்டுக்காரரும். அந்த எழுத்து இருந்ததால்தான் பிறகு பண்ணை நிலத்தை விற்கத் தொடங்கியபோது பத்து மாவும் நம் பெயருக்கு வந்தது. நீ இன்றைக்கு மன்னார்குடிக்காரருக்கு எழுதிக்கொடுக்கப் போவது அந்தப் பத்து மா. அப்பா போன பிறகு அதை உழுகிறவன் முருகையன். நாம் அவனுக்கு எழுத்து எதுவும் கொடுக்கவில்லை, வாய்வார்த்தைதான். காரியஸ்தர் நின்ற இடத்தில் இப்போது நீயும் நானும் நிற்கிறோம்.

தினமும் காலையில் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் பாக்கியம் வந்து நின்று தலையில் கட்டிய துணியை அவிழ்த்து ஆட்டுவாள். நான் கொல்லையில் நின்று பதிலுக்கு ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் வந்து பார்ப்பாள். ஒருநாள் அப்படி நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது வந்தாள். படலைத் தாண்டி, அடுப்படி தாண்டி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பழைய கதை எதையும் அவள் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குக் கேட்காது. ஒரு நாளில் என்னைப் பார்த்து ஒருவர் கையாட்டுவது அந்த ஒரு தடவைதான். மீதிப் பொழுது முழுவதும் சத்தமில்லாமல் போகிறது. ரேடியோவைப் போட்டுக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதிர்வது தெரியும்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உனக்கும் தேவைகள் இருக்கும், சித்தியும் நல்லவள்தான். நான் சம்மதிக்கவில்லை என்று மட்டும் தெரிந்துகொள். பத்திரத்துக்கு முன்னால் ஒருமுறை வா. என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். நிலம் யாருக்கு என்பதை முருகையனையும் உட்காரவைத்துக்கொண்டு பேசு, அவனுக்குத் தெரியாமல் முடிக்காதே. பாக்கியம் வீட்டுக்கு நாம் ரெண்டு பேரும் போக வேண்டும். உன் மேல் தப்பில்லை, நான்தான் பேச வேண்டும். நீ பக்கத்தில் நின்றால் போதும். இதையெல்லாம் படித்துவிட்டு உனக்கு என் மேல் ஆத்திரம் வரும். வரட்டும். ஆத்திரத்தோடாவது வா.

சுகம் என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் இந்த வீட்டில் பேச ஆளில்லை, அதைச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ வரும்போது வாசலில் நின்று அம்மா, அம்மா என்று கூப்பிடாதே. நான் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், நீ கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவாய். மதகில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையில் இருக்கிற துணி எதுவானாலும் எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டு. எந்த நிறமானாலும் சரி. நான் பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததும் பதிலுக்கு ஆட்டுவேன். அந்தச் சிவப்புத் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அம்மா